முத்திரைப் பதம்

மொரிவாகி கன்சாகு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இறந்துபோனார். வியாழனும் வெள்ளியும் அவர் வனைந்த நாற்பத்திரண்டு தேநீர்க் குவளைகள் பட்டறைப் பலகைகளின் மேல் ஈரத்துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மண் யாருக்காகவும் காத்திருக்காது. வீட்டில் எல்லாரும் பெரியவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது தோமியே மட்டும் எழுந்து பட்டறைக்குப் போய், துணிகளை நனைத்துப் பிழிந்து போர்த்திவிட்டு, மண்ணெண்ணெய் அடுப்பையும் தணித்துவிட்டு வந்தாள். "செத்த வீட்டுல இவளுக்கு மட்டும் என்ன துணி தோய்க்கிற வேலை?" என்று ஒகயாமாவிலிருந்து வந்திருந்த உறவுக்காரி பக்கத்திலிருந்தவளின் காதைக் கடித்தாள். தோமியேவுக்கு அது கேட்டது.

தோமியேவுக்கு அறுபத்தொன்று. இருபத்தேழு வயதில் இந்தப் பட்டறைக்கு வந்தவள். கணவன் செங்கல் சூளைத் தொழிற்சாலையில் தூசு தின்று நுரையீரல் கெட்டு, நாற்பது வயதில் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டான். வீட்டில் யாராவது சம்பாதிக்க வேண்டும், வந்தாள். நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டி வந்த கருப்பு மண்ணில் வேரும் கல்லும் பொறுக்குவது முதல் வேலை. பிறகு மண் பிசைவது, துணி நனைப்பது, சூளைக்கு விறகு அடுக்குவது, விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றுவது. முப்பத்திநாலு வருஷம் இதையேதான் செய்தாள். ஒரு நாள்கூடச் சக்கரத்தில் உட்கார்ந்ததில்லை. உட்கார ஆசைப்பட்டதுமில்லை. இரண்டு மணிக்கட்டிலும் எப்போதும் மருந்து தடவிய வலிப் பட்டை ஒட்டியிருக்கும். கணவன் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. மகள் ஹிமெஜியில் குடித்தனம். காலையில் சைக்கிளை மிதித்து வருவாள், மாலையில் மிதித்துக்கொண்டு போவாள். அவ்வளவுதான் அவள் கதை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் ஒரு வேலையை விட்டுவிடுவார்கள். சுடாத பச்சைக் குவளையின் அடியில் முத்திரை குத்துவதும் அவள் வேலைதான்.

முத்திரை கட்டைவிரல் நுனி அளவு. கெட்டி மரத்தில் செதுக்கியது. கூரை மாதிரி இரண்டு சாய்வு, அதற்குக் கீழே ஒரு கோடு. கன்சாகுவின் அப்பா முத்திரையில் கூரைக்குக் கீழே இரண்டு கோடு, தாத்தாவுடையதில் ஒரு புள்ளி. ஊரில் நாற்பது வீட்டுப் பானைகளை ஒரே பெரிய சூளையில் அடுக்கிச் சுட்ட காலத்தில், சுட்டு வெளியே எடுத்தபின் எது யாருடையது என்று அடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்த அடையாளம் அது. பெருமைக்கு வைத்ததல்ல. இப்போது நிலைமை வேறு. வாங்க வருகிறவர்கள் குவளையை முதலில் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். பெண் பார்க்கப் போய் ஜாதகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிற கதை. அடியில் கூரையும் கோடும் இருந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதற்குப் பிறகுதான் குவளை எப்படி இருக்கிறது என்று திருப்புவார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வனைந்தவர் இறந்தால் அவர் முத்திரையை அவர் கையிலேயே வைத்துச் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். உடம்போடு அதுவும் எரிந்துபோகும். அடுத்தவர் புதிதாகச் செதுக்கிக்கொள்ள வேண்டும். செத்தவர் பெயரில் ஒரு பானைகூடப் புதிதாக வரக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு. மனுஷனை நன்றாகப் புரிந்துகொண்டவர்தான்.

திங்கட்கிழமையே எடுத்திருக்க வேண்டியது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் பூசாரி கையை விரித்தார். திங்கள், துணையை இழுக்கிற நாள். சனிப்பிணம் தனியாகப் போகாது என்று தமிழில் சொல்கிறோமே, இங்கே அது சனிக்கிழமை பார்த்து வருவதில்லை, ஆறு நாளைக்கு ஒருமுறை வரும். அந்த நாளில் சுடுகாட்டுக்கே விடுமுறை. ஆக, செவ்வாய் பதினோரு மணிக்குப் பெட்டி மூடுவது என்று முடிவானது. எல்லாருக்கும் ஒரு நாள் கூடுதல் அசதி. தோமியேவுக்குக் கூடுதலாக ஒரு நாள் நாற்பத்திரண்டு குவளைகளின் ஈரம் காக்கும் வேலை.

ஞாயிறு மத்தியானம் பெரியவரின் மகன் யசுனோரி பட்டறைக்குள் வந்தான். ஐம்பது வயது. ஒசாகாவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். மண்ணைத் தொட மாட்டான், ஆனால் மண்ணை விற்கத் தெரிந்தவன். அப்பாவின் பொருள்களை விற்றுக்கொடுத்ததும் அவன்தான். கருப்புக் கோட்டும் கருப்பு டையுமாகக் கண்கள் சிவந்து நின்றான். அவனும் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

"தோமியேக்கா, எத்தனை இருக்கு?"

"நாப்பத்திரண்டு, தம்பி."

"முத்திரைக்குப் பதம் எப்ப வரும்?"

"இந்தக் குளிருக்குச் செவ்வாய்க்கிழமை காலைல. அதுக்கு மேல நனைச்சு நனைச்சு நிறுத்தினா அடி இளகிடும்."

"நல்லதாப் போச்சு. பதினோரு மணிக்குப் பெட்டி மூடறாங்க. அதுக்குள்ள எல்லாத்துக்கும் குத்திடுங்க."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். அக்டோபர் வாக்குல அப்பா நினைவுக்கு ஒசாகாவுல பெரிய கண்காட்சி வெக்கிறோம். கடைசியா வனைஞ்சது இதுதானே? நடுவுல இதை வெச்சாத்தான் கண்காட்சிக்கே ஒரு உசிரு. பக்கத்துப் பட்டறை தகேமோதோ மாமா ஏப்ரல்ல சூளை வெக்கறப்ப ஒரு தட்டு இடம் விடறேன்னு சொல்லிட்டாரு. அடுத்தவங்க சூளையில வெக்கறோம், முத்திரை இல்லாம எப்படி வெக்கிறது?"

தோமியே ஒரு துணியின் ஓரத்தைச் சரி செய்தாள்.

"ஐயா என்னிக்கும் எல்லாத்துக்கும் குத்தச் சொன்னதில்லையே தம்பி. அஞ்சுல ஒண்ணு, சில நாளு மூணுல ஒண்ணு கரைக்கிற தொட்டிக்குப் போகும்."

"ஐயா இருந்தா ஐயா பாத்திருப்பாரு. இப்ப யாரு பாக்கறது? கொஞ்சம் கோணல் இருந்தா இருக்கட்டும்க்கா. நம்ம ஊருச் சரக்குல கோணலுக்குத்தானே மதிப்பு?"

"வேணும்னு கோண விடறது வேற. கை நடுங்கிக் கோணறது வேற."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். வாங்கறவனுக்கு அப்பாவோட கடைசி விரலு இதுல பட்டுச்சு, அது போதும்." துணி போர்த்திய குவளைகளைப் பார்த்தான். "எனக்கும் அது போதும்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்திருந்தால் தோமியேவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாசல் வரை போனவன் திரும்பினான். "கண்காட்சி முடியற வரைக்கும் பட்டறையைத் திறந்தே வெக்கலாம்னு இருக்கேன். அதுக்கப்புறமும் பழைய சரக்கைப் பாத்துக்க, விக்கறதைப் பெட்டியில கட்டி அனுப்ப ஒரு ஆள் வேணும். நீங்களே இருங்க. இது நடக்கலைன்னா மாசக் கடைசியோட பூட்ட வேண்டியதுதான், எனக்கும் வேற வழியில்ல."

மிரட்டலாக அவன் அதைச் சொல்லவில்லை. உள்ள நிலைமையைச் சொன்னான். அறுபத்தொரு வயதில், வலிப் பட்டை ஒட்டிய இரண்டு கையோடு, இந்த ஊரில் வேறெந்தப் பட்டறை தன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்று தோமியே யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

அவளுக்குள் இன்னொரு விஷயம் இருந்தது. அதை அவள் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

முதல் இருபத்தைந்து வருஷம் பெரியவர்தான் தேர்ந்தெடுப்பார். பதம் வந்த அன்று காலை பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு குவளையாக எடுத்து, உள்ளங்கையில் ஏந்தி, விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டுவார். நல்லது என்றால் வலப்பக்கம் வைப்பார். தோமியே அதைக் கவிழ்த்து முத்திரை குத்துவாள். இடப்பக்கம் வைத்தால் தொட்டிக்கு. தொட்டியில் ஊறி மறுபடி வெறும் மண்ணாகிவிடும். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஆயிரக்கணக்கான குவளை அப்படி அவள் கையைக் கடந்து போனது. பார்த்துப் பார்த்து, தூக்கித் தூக்கி, எது வலப்பக்கம் போகும் என்று அவர் வைக்கும் முன்பே அவள் கைக்குத் தெரிய ஆரம்பித்தது. கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. முப்பது வருஷம் சோறு வடித்தவளுக்குப் பருக்கையைத் தொட்டால் தெரியாதா?

ஒன்பது வருஷத்துக்கு முன் பெரியவரின் கண்ணில் புரை விழுந்தது. விரல் நுனிகளும் மரத்துப்போயின, ஊசி குத்தினாலும் உணர்வில்லை. விரல் மரத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை, விளிம்பு ஒரு பக்கம் தடித்துப்போன குவளையை வலப்பக்கம் வைத்தார். தோமியே முத்திரையைக் கையில் எடுத்தாள். கை இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெரியவரும் உட்கார்ந்திருந்தார். அடுப்பின் மேல் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் கையை நீட்டி அந்தக் குவளையை எடுத்து, "ம்" என்று சொல்லி, இடப்பக்கம் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் வலத்திலும் வைக்கவில்லை, இடத்திலும் வைக்கவில்லை. கையில் ஏந்தி, கண்ணை மூடி, விளிம்பைச் சுற்றி, நடுவில் வைப்பார். அவள் முத்திரையை எடுத்தால் குத்துவாள். எடுக்காவிட்டால் குவளை தொட்டிக்குப் போகும். அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் இதைப் பற்றி ஒரு சொல் அவர்களுக்குள் பேச்சு கிடையாது.

அந்த ஒன்பது வருஷத்தில்தான் பெரியவரின் கண்டிப்பைப் பற்றி ஊரே மெச்சியது. பத்திரிகைக்காரர்கள் வந்து தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தோமியே அவர்களுக்குத் தேநீர் ஊற்றிவிட்டு முள்ளங்கி ஊறுகாய்த் தட்டை நகர்த்தி வைத்தாள். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. மண்ணள்ள வந்தவள், ஒரு குவளைகூட வனையத் தெரியாதவள், இவ்வளவு பெரிய மனிதரின் இரண்டு நாள் உழைப்பைத் தொட்டியில் தள்ளுகிறோமே என்று தோன்றும். குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை. தான்தான் அந்தத் தடிகாரி என்று நினைத்துக்கொள்வாள். அவருக்கு இது தெரிந்துதான் நடக்கிறதா, அல்லது கண் தெரியாத கிழவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமா என்பது மட்டும் அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

திங்கள் சாயங்காலம், செத்தவருக்குக் காவலிருக்கும் இரவின் சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்கள் வந்தார்கள். பக்கத்துப் பட்டறை தகேமோதோ மூன்றாவது கிண்ணம் சாகே மது உள்ளே போனதும் கலகலப்பானார்.

"கன்சாகு தொட்டியில போட்டதை எல்லாம் நான் அள்ளிட்டுப் போயி சுட்டிருந்தா இன்னேரம் எங்க வீடு மூணு மாடி!"

"உங்க முத்திரையைக் குத்தியிருந்தா ஒரு மாடிகூட எழும்பியிருக்காது" என்றாள் பெரியவரின் மனைவி ஷிகே. எண்பது வயது. மூன்று நாளாகப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஊதுவத்தி அணையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தகேமோதோவும் சிரித்தார். "அது சரிதான் அண்ணி. ஆனா பாருங்க, கண்ணு போயும் அந்த மனுஷன் கை போகல. எனக்கு ரெண்டு கண்ணும் இருந்து என்ன, கண்டதெல்லாம் நல்லாத்தான் தெரியுது!" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். தோமியே ஊற்றினாள். கொஞ்சம் பாயில் சிந்தியது.

"இவளுக்குத் தூக்கம் போதல" என்றார் தகேமோதோ.

செவ்வாய் விடிந்ததும் அவள் பட்டறையைத் திறந்து துணிகளை எடுத்தாள். பதம் சரியாக வந்திருந்தது. விரல் வைத்தால் அமுங்காது, நகம் வைத்தால் பதியும். முத்திரையை ஷிகே முந்தின நாளே எண்ணெய்த் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்திருந்தாள். பெரியவர் உட்காரும் பாயில் உட்கார மனம் வரவில்லை. தன் இடத்திலேயே உட்கார்ந்து முதல் குவளையை எடுத்தாள்.

விளிம்பு ஒரு பக்கம் தடிப்பு. குடித்தால் மோவாயில் ஒழுகும். கீழே என் முத்திரை இருந்தால் மேலே தேநீர் ஒழுகக் கூடாது என்பது பெரியவர் பேச்சு. இரண்டாவது, இடுப்பில் விரல் வழுக்கிய பள்ளம். மூன்றாவதன் அடி ஒரு பக்கம் தாள் மாதிரி மெல்லிசாக இருந்தது, பன்னிரண்டு நாள் நெருப்பில் நிற்காது. நான்காவதும் அப்படியே. பத்து வரை பார்த்துவிட்டு எழுந்து போய் ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். ஒன்றாவது தேறாதா என்று மனசு அடித்துக்கொண்டது. ஒன்று தேறினால் போதும், அதைக் காட்டி, அதற்கு மட்டும் குத்தி, மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

பதினேழாவது கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பழைய கன்சாகுவின் குவளை. விளிம்பு உதட்டைத் தேடி வருகிற மாதிரி லேசாக உள்ளே மடிந்திருந்தது. முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள். கவிழ்த்தாள். அடியில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள். மண் விரலுக்குக் கீழே இணங்கியது. சக்கரத்திலிருந்து நூல் போட்டு அறுக்கும்போது நூல் மேலேறி அடி மெலிந்துவிட்டிருக்கிறது. சுட்டால் அடி பிளந்துவிடும். முத்திரையைக் கீழே வைத்தாள்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்த இருமலோடு வெள்ளிக்கிழமை சக்கரத்தில் போய் உட்காராவிட்டால் என்ன? யார் கேட்டார்கள்? நிம்மதியாகப் படுத்திருந்து போயிருக்கலாமே, போகிற போக்கில் இப்படி நாற்பத்திரண்டை என் தலையில் கட்டிவிட்டுப் போக வேண்டுமா என்று செத்தவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே மீதி இருபத்தைந்தையும் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

பத்து மணிக்கு யசுனோரி வந்தான். கவிழ்ந்திருந்த குவளை ஒன்றின் அடியைப் பார்த்தான். இன்னொன்றைப் பார்த்தான். வெறும் மண்.

"என்னக்கா இது? இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு!"

"தேறலை தம்பி."

"எது தேறலை?"

"ஒண்ணுமே."

அவனிடமிருந்து பாய்ந்தது பேச்சு. "தேறுது தேறலைன்னு சொல்ல நீங்க யாரு? முப்பது வருஷமா உங்க வேலை என்ன, குத்துன்னா குத்தறதுதானே? எங்கப்பா தேர்ந்தெடுத்தாரு, நீங்க குத்தினீங்க. இப்ப நான் தேர்ந்தெடுத்துட்டேன், குத்துங்க! இல்ல, குடுங்க இப்படி, நானே குத்திக்கறேன்!"

அவன் கையை நீட்டினான். தோமியே முத்திரையைக் கொடுக்கவில்லை. நீ யார் என்றுதான் அவளும் ஒன்பது வருஷமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யசுனோரி, அவகிட்ட ஏன் கத்தறே?"

பட்டறை வாசலில் ஷிகே நின்றிருந்தாள். கருப்புக் கிமோனோ, கையில் ஜபமாலை. பெட்டிப் பக்கத்தை விட்டு மூன்று நாளில் அவள் எழுந்து வந்தது அதுதான் முதல்முறை. வாசல் படியிலேயே மெல்ல உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ உள்ள போ. இது அப்பா தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம், இவங்க வந்து—"

"உங்கப்பா ஒன்பது வருஷமா ஒண்ணையும் தேர்ந்தெடுக்கல."

நீட்டிய கையை யசுனோரி இறக்கினான்.

"பதம் பாக்கற அன்னிக்கு எல்லாம் சாப்பிடறப்போ வந்து சொல்லுவாரு" என்றாள் ஷிகே. "'இன்னிக்குத் தோமியே பதினொண்ணு தள்ளிட்டா.' 'இன்னிக்கு ஒன்பது.' பள்ளிக்கூடத்துப் பையன் மார்க்கு சொல்ற மாதிரி. நாலு, மூணுன்னு வந்தா ரெண்டாவது கிண்ணம் சோறு கேப்பாரு. ஒரு தடவை ரெண்டே ரெண்டு. அன்னிக்கு மனுஷன் பாட்டே பாடினாரு."

"ஐயாவுக்குத் தெரியுமா?" தோமியே கேட்டாள். "தெரிஞ்சுதானா?"

"தெரியாமலா நடுவுல வெச்சாரு? ஏன்டி, உனக்கு அதுகூடவா விளங்கல?"

"ஒரு வார்த்தை சொல்லலையேம்மா எங்கிட்ட."

"நான் கேட்டேன். அவகிட்டச் சொல்லிடுங்களேன், பாவம், பயந்து பயந்து சாகறாளேன்னு. சொல்ல மாட்டேன்னுட்டாரு. 'சொன்னா அவ என் மூஞ்சியப் பாத்துத் தள்ள ஆரம்பிச்சிடுவா. இப்ப மண்ணைப் பாத்துத் தள்றா. அப்படியே இருக்கட்டும்'னாரு." ஷிகே ஜபமாலையை விரலில் உருட்டினாள். "மூணு வருஷத்துக்கு முன்ன அவருக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணைத் தள்ளிட்டே. சாயங்காலம் தொட்டிகிட்டப் போயி நின்னாரு. எடுத்துட்டு வந்துடுவாருன்னுதான் நினைச்சேன். வெறுங்கையோட வந்தாரு. 'அவ பண்ணதுதான் சரி'ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. அன்னிக்குச் சோறு திங்கல."

தோமியே முகத்தை முன்கையில் புதைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் தூக்கி வந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்ததும் முதுகு இன்னும் அதிகமாக வலிக்குமே, அந்த வலியில் அழுதாள். யசுனோரி சன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

ஷிகே கேட்டாள். "இன்னிக்கு எத்தனை?"

"எல்லாம்மா. நாப்பத்திரண்டும்."

ஷிகே எட்டி ஒரு குவளையை எடுத்தாள். பதினேழாவதுதான் அவள் கைக்கு வந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

ஷிகே குவளையைப் பலகையில் திரும்ப வைத்தாள். "அவரும் அதைத்தான் சொன்னாரு. வெள்ளிக்கிழமை படுக்கறப்போ சொன்னாரு, 'இந்தத் தடவை ஒண்ணும் மிஞ்சாது, பாத்துக்கிட்டே இரு. எல்லாத்தையும் தள்ளப் போறா'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு." கையை நீட்டினாள். "முத்திரையைக் குடு. நேரமாச்சு."

தோமியே முத்திரையைத் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஷிகே அதை எடுத்துக்கொண்டு, மகன் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள்.

யசுனோரி வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினான். கோபம் வடிந்து வெறும் களைப்பு மட்டும்தான் அவன் முகத்தில் இருந்தது. "அப்ப மாசக் கடைசியோட பட்டறையை மூடிடறேன், அக்கா."

"சரி தம்பி."

பதினோரு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். முத்திரை பெரியவரின் வலக்கையில் இருந்தது. மத்தியானம் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போனபோது தோமியே பட்டறைக்குப் போனாள். தொட்டித் தண்ணீரின் மேல் உறைந்திருந்த மெல்லிய பனித்தகட்டை முழங்கையால் உடைத்தாள். ஒவ்வொரு குவளையையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நசுக்கி உள்ளே போட்டாள். பதினேழாவதைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். பிறகு அதையும் போட்டாள். கை விறைத்து, வலிப் பட்டைகள் நனைந்து பிரிந்து வந்துவிட்டன.

சாயங்காலம் எலும்புக் குடத்தோடு திரும்பி வந்தார்கள். பூஜை மாடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து அதை வைத்தார்கள். செத்தவருக்குப் படைக்க வேண்டிய சோற்றை ஷிகே தோமியேவிடம் நீட்டி, "நீ வை" என்றாள். தோமியே மண்டியிட்டாள். கிண்ணத்தைக் குடத்துக்கு முன்னால் வைத்தாள். கைகூப்பினாள்.

"இன்னிக்கு நாப்பத்திரண்டு தள்ளிட்டேன், ஐயா" என்றாள்.